மண்டபத்துப் பாசி இருக்க வார்ஃபரின் எதற்கு?

பாம்பன்வாடை:
நம் கடற்பாசியின் சாறு ரத்தத்தை உறையவிடாது என்று ஆய்வுக்கூடங்களே சொல்லிவிட்டன. மாத்திரை விற்றுக் காசு பார்க்கும் கூட்டம் இதை வெளியே விடாது. இதயத்தில் வால்வு மாற்றியவர்கள், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு தினமும் கஞ்சிப்பாசி காய்ச்சிக் குடியுங்கள். எல்லோருக்கும் அனுப்புங்கள்.

உச்சிப்புளியாள்:
தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். ரத்தம் உறைவதைத்தான் நான் மருந்தியலில் ஆராய்கிறேன். பாசியிலிருந்து எடுக்கும் கப்பா காரஜீனனை எலிக்கு ஊசியில் ஏற்றினால் வால் நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே வரும். உள்ளே ரத்தம் கட்டிவிடுகிறது. அப்படிக் கட்டவைத்துத்தான் புது மருந்து அதைத் தடுக்கிறதா என்று பார்க்கிறோம். ரத்தக்கட்டை வரவழைக்கும் பொருளையா மருந்து என்கிறீர்கள்? உலோக வால்வு வைத்தவர் மாத்திரையை நிறுத்தினால் வால்விலேயே ரத்தம் கட்டும், பக்கவாதம் வரும்.

பாம்பன்வாடை:
எலி வாலை வைத்து எங்கள் கடலை எடை போடாதே தாயி. அப்பத்தா காலத்திலிருந்து குடிக்கிறோம், யாருக்கு வால் கறுத்தது?

தொண்டிக்கரை:
காரஜீனன், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இங்கே நடும் பெப்சி பாசியில் வருவது. கஞ்சிப்பாசியில் வருவது அகர். ஊசியில் ஏற்றுவது வேறு, காய்ச்சிக் குடிப்பது வேறு. எந்தப் பாசியைப் பற்றி இரண்டு பேரும் சண்டை போடுகிறீர்கள்?

உச்சிப்புளியாள்:
அண்ணே, பெயரை அப்புறம் பார்க்கலாம். எலி வால் ஏன் கறுத்தது? அதற்குப் பதில் வரட்டும்.

பாம்பன்வாடை:
பதில் இதோ. உங்கள் வார்ஃபரினே எலி விஷம்தான். எலியைக் கொல்ல வைத்ததை மனிதனுக்குக் கொடுப்பீர்கள், பாசி மட்டும் ஆகாதா? படித்தவர்கள் நியாயம் நன்றாக இருக்கிறது!

உச்சிப்புளியாள்:
ஆமாம், எலி விஷம்தான், யார் மறைத்தது? கெட்டுப்போன ஸ்வீட் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. அதன் காரணத்தைத் தேடிப் போனவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் கார்ல் பால் லிங்க். அந்த வழியில் வந்த வார்ஃபரின் 1948இல் எலி விஷமாக விற்பனைக்கு வந்தது, 1954இல் மனிதருக்கு அனுமதி கிடைத்தது. அளவு தெரிந்து கொடுக்கிறோம். அதற்குத்தான் ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் சோதனை. உங்கள் கஞ்சிக்கு எந்தச் சோதனை? எத்தனை குவளை குடித்தால் ஐஎன்ஆர் எவ்வளவு வரும்? சொல்லுங்கள்!

கீழக்கரைக்காக்கா:
ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பரின் ஊசி மருந்து பன்றிக் குடலிலிருந்து எடுப்பதாம். எங்கள் வீட்டில் ஒருவருக்குப் போட்டபோது யாரும் சொல்லவில்லை. பாசியிலிருந்து ஒன்று வந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு நிம்மதி. அந்த ஆசையைக் கேலி செய்யாதே தங்கச்சி.

உச்சிப்புளியாள்:
காக்கா, நீங்கள் கேட்பது நியாயம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு ஊசி மருந்தான ஃபான்டாபாரினக்ஸ் முழுக்க ஆய்வுக்கூடத்தில் செய்தது. அமெரிக்காவில் 2001இல் அனுமதி பெற்றது. எல்லோருக்கும் அது பொருந்தாது, மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பாசியை நான் வெறுக்கவில்லை. சர்காசம் போன்ற பழுப்புப் பாசிகளில் இருக்கும் ஃபியூகாய்டன் சோதனைக் குழாயில் ரத்தம் உறைவதைத் தடுக்கிறது, உண்மைதான். ஆனால் குழாயில் தடுத்ததெல்லாம் மருந்தாகாது. 1916இல் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் நாயின் ஈரலில் கண்டதிலிருந்து தொடங்கியதுதான் ஹெப்பரின். மனிதருக்குக் கொடுக்கும் அளவுக்குச் சுத்தம் செய்ய 1930கள் ஆயின. 2008இல் என்ன நடந்தது? சல்பேட் கூடுதலாக ஏற்றிய காண்ட்ராய்ட்டின் என்ற வேறொரு பொருள் ஹெப்பரினில் கலந்து வந்தது. அதுவும் ரத்தம் உறையாமல் தடுத்தது, வழக்கமான சோதனையில் தேறியது. அமெரிக்காவில் நோயாளிகள் இறந்தார்கள்.

தொண்டிக்கரை:
மருந்து இருக்கட்டும். பெப்சி பாசி குருசடைத் தீவில் பவளத்தின் மேல் படர்ந்து அதை மூடியதை எவனும் பேசமாட்டான். இப்போது மருந்து என்றும் கிளப்பிவிட்டால் இன்னும் நட ஆள் வரும்.

பாம்பன்வாடை:
இழுவை மடி வலை இழுத்துக் கடலைத் துடைத்த ஊர்க்காரர் பவளத்துக்கு அழ வேண்டாம். பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போனால் வனத்துறை விரட்டுகிறது. எங்கள் பெண்கள் மூங்கில் மிதவை போட்டு நடுகிற பாசியாவது சோறு போடுகிறது.

தொண்டிக்கரை:
எந்த ஊர்ப் படகு மடி இழுத்தது? பேரைச் சொல்லிப் பேசு. போன வருஷம் கரைவலை விஷயத்திலும் இப்படித்தான் வாயை விட்டாய்.

உச்சிப்புளியாள்:
வலையை விடுங்கள் அண்ணே. வால்வு நோயாளி ஒருவர் இந்தப் பதிவை நம்பி மாத்திரையை நிறுத்தினால் யார் பொறுப்பு? பதிவை நீக்குங்கள். இல்லையென்றால் எலி வாலுக்குப் பதில் சொல்லுங்கள்.

பாம்பன்வாடை:
நீக்கமாட்டேன். வளமாவூரில் கடற்பாசிப் பூங்கா வரட்டும், அப்போது தெரியும் யார் சொன்னது சரி என்று.

உச்சிப்புளியாள்:
பூங்காவில் பாசி விளையும், அனுமதி விளையாது. வால் ஏன் கறுத்தது?

பாம்பன்வாடை:
முதலில் எலி விஷத்தை நீ நிறுத்து தாயி.