டாரோ பேட்ச் சுருதியில் கரகரக்கும் கிதார்: உதவி தேவை

ஹவாயின் ஹீலோவில் ஒரு ஹூலா நடனக் குழுவுக்கு ஸ்லாக்-கீ கிதார் (தந்திகளைத் தளர்த்தி வாசிக்கும் ஹவாய் பாணி) வாசிக்கிறேன். கடந்த மூன்று மாதங்களாக, டாரோ பேட்ச் சுருதிக்காக ஆறாம், ஐந்தாம், முதல் தந்திகளை ஒரு முழுச் சுரம் தளர்த்தி டி-ஜி-டி-ஜி-பி-டி என்று வைத்ததும், கட்டைவிரலால் மீட்டும் ஐந்தாம், ஆறாம் தந்திகள் திறந்த நிலையில் கரகரக்கின்றன. வழக்கமான சுருதியில் இந்தக் கோளாறு இல்லை.

ஹூலா ஆவானாவில் (ஹூலாவின் நவீன வடிவம்) பாடலின் சரணங்களுக்கு இடையே ஏ செவன், டி செவன், ஜி என்ற கோர்டுகளாக வரும் சிறிய இடைவாசிப்பில் பாட்டு ஓய்ந்திருப்பதால், ஆடுபவர்கள் கிதாரின் தாளத்தையே பற்றிக்கொள்கிறார்கள்; கரகரப்பு வெளிப்படையாகக் கேட்பதும் அங்கேதான்.

கிதார் 2019இல் வாங்கிய, ஸ்ப்ரூஸ் மர முகப்புள்ள டிரெட்நாட் (பெரிய உடல் கொண்ட வகை). தந்தி நீளம் 25.4 அங்குலம். 0.012 அங்குலத் தடிமனில் தொடங்கும் தந்திகளை மாற்றி 0.013 தொகுதி போட்டேன்; சற்றே குறைந்தது. டிரஸ் ராடை (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் கம்பி) இருமுறை கால் சுற்று தளர்த்தினேன், பாலத்துச் சாடிலின் (தந்திகள் மேலே படியும் துண்டு) அடியில் மெல்லிய தகடு வைத்தேன், இரண்டாலும் பயனில்லை. (ஹீலோவின் ஈரப்பதத்தைச் சந்தேகித்து ஒரு வாரம் பெட்டிக்குள் பூட்டியும் வைத்தேன்.) இரண்டாம் கட்டையில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் ஒலி சுத்தமாகிறது, ஆனால் அது தலைப்பக்க நட்டின் (தந்திகள் பதியும் பள்ளங்கள் உள்ள துண்டு) பள்ளம் தேய்ந்ததைக் காட்டுகிறதா, தந்தியின் இழுவிசைக் குறைவைக் காட்டுகிறதா என்று பிரித்தறிய முடியவில்லை.

நட்டைப் புதிதாக மாற்றும் முன், அந்த இரண்டு தந்திகளை மட்டும் இன்னும் தடிமனாக்கிப் பார்ப்பது சரியா?