பூச்சி கடிச்சு இறந்தவருக்கு பேங்க் காப்பீடு: இறப்புச் சான்றிதழ்ல காரணமே இல்லீங்க

தோட்டத்துச்சாளை:
பக்கத்துத் தோட்டத்துக்காரங்களுக்காகக் கேக்கறனுங்க, காங்கயம் பக்கம். பெரியவருக்கு 58 வயசு. சாளையில (தோட்டத்து வீட்டுல) தரையில பாய் போட்டுப் படுத்தவரு. விடியக்காலம் வயித்துவலின்னாரு, இமை தூக்க முடியல, ஜிஹெச் (அரசு ஆஸ்பத்திரி) போறதுக்குள்ள மூச்சு நின்னுருச்சு. பூச்சி, அதாவது பாம்பு, கடிச்சிருக்கும்னு நினைக்கறாங்க. போஸ்ட்மார்ட்டம் பண்ணியாச்சு. இறப்புச் சான்றிதழும் வந்திருச்சு, ஆனா அதுல காரணம் போடல. காப்பீட்டுப் பணம் கேக்கப் போனா, பேங்க்ல 'காரணம் எங்க?'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. சான்றிதழைத் திருத்தணுமாங்க?

ஓய்வு விஏஓ:
வேண்டாமுங்க. 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 17ஆவது பிரிவுப்படி, காரணம் பதிவேட்டுல இருக்கும், நமக்குக் குடுக்கற சான்றிதழ்ல வரக்கூடாது. திருத்தச் சொல்லி அலைஞ்சா நாள்தான் போகும். காரணத்துக்கு வேற காகிதம் வேணும்: ஸ்டேஷன்ல போட்ட எஃப்ஐஆர் நகல், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், ஜிஹெச் சீட்டு. இறந்தே வந்த உடலுக்கு டாக்டர் காரணம் எழுத முடியாது. அதனாலதான் போலீசுக்குத் தகவல் போகுது, பிஎன்எஸ்எஸ்ங்கற புது குற்ற நடைமுறைச் சட்டம் 194ல வழக்குப் பதிவாகுது (பழைய சட்டத்துல 174). இது கொலைக் கேஸ் இல்லீங்க, பயப்பட வேண்டாம்.

பாலிசி பழனி:
எந்தத் திட்டம்னு முதல்ல பாருங்க. பிரதமர் ஜீவன் ஜோதி (வருசம் 436 ரூபாய்) எந்தக் காரணத்துக்கும் 2 லட்சம் குடுக்கும், ஆனா 55 வயசோட முடிஞ்சுது. இவருக்கு அது இல்லை. பிரதமர் சுரக்ஷா பீமா (வருசம் 20 ரூபாய், 70 வயசு வரை) விபத்துக்கு மட்டும், அதுவும் 2 லட்சம். பாஸ்புக்ல மே கடைசி, ஜூன் முதல்ல 20 ரூபாய் பிடிச்சிருக்கான்னு பாருங்க. அந்த வருசம் கணக்குல பணம் இல்லாம பிடிக்கலைன்னா காப்பீடும் இல்லை. பாம்புக்கடி விபத்துதான்; அதுக்கு உடனடி ஆஸ்பத்திரி ஆவணம் போதும். சாலை விபத்து, தண்ணியில மூழ்கினதுக்குத்தான் போலீஸ் புகார் கட்டாயம். இங்க ஜிஹெச் சீட்டுல 'இறந்து கொண்டுவரப்பட்டார்'னு மட்டும் இருந்தா பலமில்லை. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்தான் தூக்கிப் பிடிக்கும்.

ஜிஹெச் நர்ஸ்:
நீங்க சொல்ற அறிகுறி கட்டுவிரியன் பாம்புக்கடிக்குப் பொருந்துதுங்க. ராத்திரி தரையில படுத்தவங்களைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெருசா இருக்காது, பல் தடம் தேடினாலும் பல நேரம் தெரியாது. வயித்துவலி வரும், இமை விழும், அப்புறம் மூச்சுத் தசை ஓயும். நிறைய வீட்டுல இதை நெஞ்சடைப்புன்னு எடுத்துப் போயிருவாங்க. ஆனா ஒரு சிக்கல்: உடலைத் திறந்தாலும் உள்ளுறுப்புல தனி அடையாளம் பெருசா கிடைக்காது. 'ரசாயனப் பரிசோதனை முடிவுக்குப் பின் கருத்து'ன்னு நிறுத்தி வெச்சிருப்பாங்க. உள்ளுறுப்பு தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போய் வர நாள் ஆகும். அதனால எஃப்ஐஆர்ல அறிகுறியெல்லாம் வரிசையா இருக்கான்னு பாருங்க. 'வலியில இறந்தார்'னு மட்டும் இருந்தா, டாக்டர் இறுதிக் கருத்து எழுதறதுக்கு முன்னாடி ஸ்டேஷன்ல கூடுதல் வாக்குமூலம் குடுங்க. 2024 நவம்பர்ல இருந்து தமிழ்நாட்டுல பாம்புக்கடி அறிவிக்கப்பட வேண்டிய நோய். ஆஸ்பத்திரி பதிவுல ஏறியிருக்கான்னும் கேளுங்க.

தோட்டத்துச்சாளை:
எஃப்ஐஆர்ல 'பூச்சி கடி'ன்னு எழுதியிருக்குங்க. பாம்புன்னு இல்லை.

ஓய்வு விஏஓ:
நம்மூருல பாம்புன்னு பேரு சொல்லாம பூச்சிம்போம், எழுத்தர் அப்படியே எழுதிட்டாரு. காப்பீட்டுக்காரன் அதைத் தேனீ, குளவின்னு படிப்பான். வாக்குமூலத்துல 'பாம்பு'ன்னே போடுங்க. அப்புறம் பேரு. பட்டாவுல பட்டப்பேரோட, ஆதார்ல வெறும் பேரு, பாஸ்புக்ல இனிஷியல் முன்னாடின்னு இருக்கும். மூணையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. வாரிசுச் சான்றுக்கு இ-சேவையில குடுக்கறதுக்கு முன்னாடியே பாக்கோணும். தாசில்தார் ஆபீஸ்ல நிக்கறதே இதுலதான்.

பாலிசி பழனி:
கோரிக்கைப் படிவத்தை இப்பவே, 30 நாளுக்குள்ள, பேங்க்ல குடுத்து முத்திரையோட ஒப்புகை வாங்கிடுங்க. ரிப்போர்ட் பின்னால வரும்னு ஒரு கடிதமும் வெச்சிடுங்க. ரிப்போர்ட் வரட்டும்னு உக்காந்துராதீங்க. நாமினி உயிரோட இருக்காங்களான்னும் பாருங்க, இல்லீன்னா வாரிசுச் சான்று அவசியமுங்க.