ஊரோடு ஒத்துப்போக முடியாத இடங்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மானிப்பாயிலிருந்து:

கிறிஸ்தவன் என்பதற்காக யாழ்ப்பாணத்தில் என்னை யாரும் துன்புறுத்தியதில்லை. அமெரிக்க மிஷன் 1816இலேயே வந்து வேலை தொடங்கிய மண் இது. எங்கள் சபையும் அந்த வழியில் வந்ததுதான். பொங்கலுக்குப் பக்கத்து வீட்டுப் புக்கை வரும், நத்தாருக்கு எங்கள் கேக் அங்கே போகும். சிக்கல் வேறு இடத்தில் வருகிறது.

அம்மாவின் பெயரில் இருந்த 4 பரப்புக் காணியை விற்றோம். ஒரு பரப்பு 10 இலட்சம், மொத்தம் 40 இலட்சம் என்று பேசி முடித்தாயிற்று. வாங்க வந்தவரும் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கு வருகிறவர். காணி உறுதி எழுத நொத்தாரிசிடம் போன அன்று, "உறுதியில 20 எண்டு போடுவம், மிச்சத்தைக் கையில தாறன். எல்லாரும் அப்பிடித்தானே எழுதுறவை" என்றார். முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 40 இலட்சத்துக்கு 159,000 ரூபா வரும். 20 என்று எழுதினால் 79,000. அதைக் கட்டுவதும் அவர்தான், எங்களுக்கு ஒரு சதம் நட்டமில்லை.

அம்மா மறுத்துவிட்டார். "நான் கையெழுத்து வைக்கிற கடதாசியில பொய் இருக்கக் கூடாது தம்பி." அவ்வளவுதான் சொன்னார். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்ற மத்தேயு 5:37 சின்ன வயதிலிருந்து எனக்கு மனப்பாடம். அதற்கு விலை கொடுப்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன். வெளிநாட்டில் இருக்கும் அண்ணா போனில் சத்தம் போட்டார். கடைசியில் அம்மா விலையில் 80,000 குறைத்தார். குறைத்த அந்தத் தொகையே அப்படியே உறுதியில் ஏறியது. "அம்மா சொல்லுறதுதான் சரி" என்று அந்த அறையில் வாய் திறந்து சொன்ன ஒரே ஆள் நொத்தாரிசு ஐயா. அவர் சைவர்.

அரசாங்கத்துக்குச் சேர வேண்டியதை மறைப்பது களவு என்று சபைக்குள்ளேயே பலர் நினைப்பதில்லை. இதுதான் எனக்கு வேதனை. அந்த வரி மாகாண சபை வழியாக எங்கள் பிரதேச சபைக்குத்தான் வருகிறது. எங்கள் ஒழுங்கைக்கு லைட் போடுகிற காசு அது.

சுன்னாகத்திலிருந்து:

எங்களுக்கு ஞாயிறு டியூசன்தான் பிரச்சினை. மகள் சாதாரண தரம் எடுக்கிறாள், கணித வகுப்பு ஞாயிறு காலை. அனுப்ப மாட்டேன் என்றேன். ஆசிரியர் நல்ல மனிதர். "ஒரு வருசம்தானே அக்கா, கடவுள் கோவிக்கமாட்டார்" என்றார். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதே கவலை. அவருடைய மகன் இந்த வகுப்பால், சமயம் படிப்பிக்கும் அறநெறிப் பாடசாலையை விட்டுவிட்டான். சரி என்று இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கேட்டோம். சனி பின்னேரம் ஒரு பிரிவு தொடங்கினார். நான் தனியாகப் போயிருந்தால் மாற்றியிருக்கமாட்டார்.

குருநகரிலிருந்து:

தம்பிக்குக் கலியாணம் பேசியபோது, டொனேஷன் என்று பெண் வீட்டார் கொடுக்கிற காசு ஒரு சதமும் வேண்டாம் என்று அப்பா முதலே சொல்லிவிட்டார். பெண் வீட்டார் பயந்துபோனார்கள். மாப்பிள்ளைக்கு ஏதும் குறையோ, வருத்தமோ என்று ஊருக்குள் விசாரித்தார்கள். பங்குத்தந்தை போய்ப் பேசிய பிறகுதான் சம்மதித்தார்கள்.

இப்போது தங்கைக்குப் பேசுகிறோம். வருகிற இடமெல்லாம் இலட்சக்கணக்கில் கேட்கிறார்கள், எல்லாரும் பூசைக்கு வருகிற குடும்பங்கள்தான். கேட்கிற இடம் வேண்டவே வேண்டாம் என்கிறாள் அவள். அவளுக்கு வயது 31, அம்மாவுக்கு இரவில் நித்திரை இல்லை. அப்பாவும் அவளுடைய பக்கம்தான் நிற்கிறார், நானும் அப்படியே. காசு கேட்காத குடும்பத்தை எப்படித் தேடுவது? இந்த நிலையில் இருந்தவர்கள் யாரிடம் போய்ப் பேசினீர்கள், எப்படி முடிந்தது என்று எழுதுங்கள்.