யூ-534: நீர்மூழ்கியை நேரில் பார்த்த அனுபவங்கள்

மெர்சிக்கரையான்:

லிவர்பூலில் ஃபெரி ஏறி அக்கரையில் உட்சைட் துறையில் இறங்கினால் பக்கத்திலேயே யூ-534, இரண்டாம் உலகப் போர்க் கால ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல். நான் போனபோது கப்பலைத் துண்டுகளாக அறுத்து, அறுத்த வாயில் கண்ணாடி போட்டு நிறுத்தியிருந்தார்கள். "இப்படியா கூறு போடுவது!" என்று கூட வந்தவருக்கு ஒரே ஆதங்கம். எனக்கு அது பிடித்திருந்தது. நீரழுத்தத்தைத் தாங்கும் உள்கூடு, அதைச் சுற்றி வெளிக்கூடு, இரண்டுக்கும் நடுவில் தொட்டிகள் என்று எல்லாமே கண்ணுக்கு நேரே தெரிகிறது. முழுக் கப்பலாக இருந்தால் இதைப் பார்த்திருக்க முடியாது.

ஹாம்பர்க்கில் கட்டி 1942 டிசம்பரில் படையில் சேர்த்த கப்பல் இது. எதிரிக் கப்பல் ஒன்றைக்கூட மூழ்கடித்ததில்லை. முதல் பயணமே வானிலைத் தகவல் அனுப்பும் வேலைக்குத்தான்.

முடிவுதான் விசித்திரம். 1945 மே 5, காலை 8 மணிக்கு வடமேற்கு ஜெர்மனி, டென்மார்க் பகுதிப் படைகளின் சரண் அமலுக்கு வந்துவிட்டது. கேப்டன் ஹெர்பர்ட் நொல்லாவ் சரணடையாமல் டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவிலுள்ள காட்டெகாட் கடலில் வடக்கே போய்க்கொண்டிருந்தார். பிரிட்டனின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. ஒன்றை இவர்கள் சுட்டு வீழ்த்தினார்கள். இன்னொன்று போட்ட ஆழ்வெடிகளில் (நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகள்) பின்பக்கம் பிளந்து கப்பல் மூழ்கியது. 52 பேரில் 3 பேர் இறந்தார்கள். முன்பக்க டார்பிடோ அறையில் மாட்டிக்கொண்ட சிலர், கப்பல் கடலடித் தரையில் போய் உட்கார்ந்த பிறகு 60 மீட்டருக்கும் கீழிருந்து நீந்தி மேலே வந்தார்கள். எப்படித்தான் முடிந்ததோ!

1986-ல் டென்மார்க் முக்குளிப்பவர் ஒருவர் இதைக் கண்டுபிடித்தார். உள்ளே நாஜித் தங்கம் என்று ஒரே பேச்சு. 1993-ல் தூக்கிப் பார்த்தால் பொட்டுத் தங்கம் இல்லை. எனக்கென்னவோ அங்கே கிடைத்த எனிக்மா என்ற ரகசியச் செய்திக் குறியீட்டு இயந்திரமே பெரிய புதையல்.

கீல்வாசி:

அண்ணா, முழுசாக ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் வட ஜெர்மனியில் கீல் நகரம் பக்கம் லாபோவுக்கு வாங்க. கடற்கரை மணலில் யூ-995 நிற்கிறது. போருக்குப் பிறகு நார்வே கடற்படை 'கௌரா' என்று பெயர் மாற்றி ஓட்டியது; 1972-லிருந்து அருங்காட்சியகம். வட்டக் கதவு வழியாக ஒவ்வொரு அறைக்கும் காலைத் தூக்கிப் போட்டு, குனிந்து நுழையணும். இந்த வகைக் கப்பலில் ஐம்பது பேர் வரை இருப்பார்கள், கழிவறை இரண்டே இரண்டு. பயணம் கிளம்பும்போது அதிலும் ஒன்றில் சாப்பாட்டுச் சாமான் அடைத்திருப்பார்களாம்!

அப்படியே மோல்டனோர்ட் நினைவிடத்துக்கும் போய் வாங்க. இரண்டாம் உலகப் போரில் இறந்த சுமார் 30,000 நீர்மூழ்கி வீரர்களின் பெயர்கள், கப்பல் வாரியாக வெண்கலப் பலகைகளில் இருக்கின்றன. வாசித்துக்கொண்டே போனால் நம் வாய் தானாக அடைத்துவிடும்.

மெர்சிக்கரையான்:

சரி தம்பி, லாபோ அடுத்த கோடைக்கு. யூ-534 பார்க்க நினைப்பவர்கள் கவனிக்க: நான் பார்த்த பழைய காட்சியகத்தை மூடிவிட்டார்கள். இப்போது என்ன நிலை என்று விசாரித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.