யோகாய்க்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

மைக்கூடு எழுதியது, திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு ஜப்பானியச் சித்திரக்கதையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கானது. வெள்ளிக்கிழமை கோப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது: யோகாய். ஜப்பானிய நாட்டுக்கதைகளில் வரும் விந்தையான உயிர்கள், உருவங்கள் எல்லாவற்றுக்கும் அது பொதுப்பெயர்.

கதையில் ஆற்றில் கப்பா என்ற யோகாய் ஒன்று இருக்கிறது. முதுகில் ஆமை ஓடு, பறவை அலகு போன்ற வாய், உச்சந்தலையில் தண்ணீர் நிற்கும் ஒரு குழி. அதைப் பார்த்த பையன் குனிந்து வணக்கம் சொல்கிறான். மரியாதை தெரிந்த கப்பாவும் பதிலுக்குக் குனிகிறது. தலைத்தண்ணீர் கொட்டி, வலுவெல்லாம் போய்ச் சுருண்டு விழுகிறது. பையன் உள்ளங்கையில் அள்ளி ஊற்றுகிறான். அங்கிருந்து நட்பு. இங்கே 'பேய்' போட்டுப் பார்த்தேன். "பேயே, உனக்கு வெள்ளரிக்காய் பிடிக்குமா?" என்று வந்தது. பூதம் என்றால் பிள்ளைகளுக்கு விளக்கைத் தேய்த்தால் வருவது. அரக்கன் என்றால் பத்துத் தலை.

இன்னொரு தொல்லை பேச்சுக்குமிழ். அவர்கள் எழுத்து மேலிருந்து கீழே இறங்குவதால் குமிழும் ஒல்லியாக, நெட்டையாக இருக்கிறது. எனக்கு வரிக்கு ஐந்து எழுத்துதான் கிடைக்கும். 'அமானுட உயிரி' என்று யாரும் எழுதிவிடாதீர்கள். அப்புறம், பாதி மனிதன் பாதி யோகாய் என்று ஒருவன் வருகிறான். வரும் சொல்லின் முன்னால் 'அரை' ஒட்ட வேண்டும்.

*

ஓசாகா வாசி, திங்கள் மதியம்

தங்கச்சி, சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். இரண்டு சீன எழுத்துகள். 'யோ' என்பதில் மயக்குவது, கேடு என்ற இரண்டு பொருளும் உண்டு. அந்த எழுத்தின் இடப்பக்கம் பெண்ணைக் குறிக்கும் உறுப்பு. 'காய்' என்றால் விந்தை, ஐயத்துக்கு இடமானது. அதன் இடப்பக்கம் நெஞ்சு. சீனத்தில் யாவ்குவாய், கொரியத்தில் யோகுவே. மூன்று நாட்டுக்கும் எழுத்து ஒன்றுதான்.

ஆனால் 'எதோ' எனப்படும் காலத்துச் (1603 முதல் 1868 வரை) சாதாரண ஜனம் யோகாய் என்று அதிகம் சொன்னதில்லை. அவர்கள் வாயில் இருந்தது பகேமோனோ, அதாவது வேறொன்றாக மாறும் பொருள். யோகாய் பரவியதில் இனோவே என்ரியோவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1858இல் பிறந்த மெய்யியலாளர். மூடநம்பிக்கையை ஒழிக்க 'யோகாய் இயல்' என்று ஒரு துறையே தொடங்கினார். ஆவி வந்து பதில் சொல்கிறது என்று ஊரே நம்பிய கொக்குரி விளையாட்டில், தெரியாமலே தசை அசைவதுதான் காரணம் என்று விளக்கினார். ஒழிக்கப் போனவருக்குக் கிடைத்த பட்டப்பெயர் 'யோகாய் டாக்டர்'. ஆக, நீங்கள் கலைச்சொல் தேடும் சொல்லே ஒருவகையில் அங்கே கலைச்சொல்லாகத்தான் நடமாடியது.

'பேய்' கூடாது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. செத்தவர் ஆவிக்கு அவர்களிடம் யூரெய் என்று தனிச்சொல் இருக்கிறது. நாட்டார் வழக்காற்று அறிஞர் யானகிதா குனியோ பிரித்துக் காட்டினார்: யூரெய் தனக்கு வேண்டிய ஆளைத் தேடி எங்கேயும் வரும், யோகாய் தன் இடத்தில் இருக்கும், யார் வந்தாலும் தன்னைக் காட்டும். யூரெய்க்கு நடுச்சாமம். யோகாய்க்கு அந்திக் கருக்கல்.

*

நெல்லையான், திங்கள் இரவு

இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு? அணங்கு. மூவாயிரம் ஆண்டுச் சொத்து கையில் இருக்க, பிச்சைப் பாத்திரம் ஏந்துவானேன்?

> 'யோ' என்பதில் மயக்குவது, கேடு என்ற இரண்டு பொருளும் உண்டு

அணங்குக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? வருத்துவதும் அதுவே, மயக்குவதும் அதுவே. "அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ கனங்குழை மாதர்கொல் மாலும்என் நெஞ்சு." பெண் உறுப்பும் இருக்கிறது, நெஞ்சும் இருக்கிறது! சீன எழுத்தை வள்ளுவர் பிரித்துப் போட்ட மாதிரி இல்லையா? தொல்காப்பியரும் அச்சத்தின் நான்கு நிலைக்களன்களில் இதைத்தான் முதலில் வைக்கிறார்: "அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே."

*

வன்னிமகள், செவ்வாய்

ஐயா குறை நினைக்கக் கூடாது. கடைசிக் கணக்கில் 'மூவாயிரம்' கொஞ்சம் கூடிப்போச்சு. அது கிடக்கட்டும். என் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அணங்கு என்று எழுதினால், பாட்டு வரி தெரிந்த ஒரு பிள்ளை 'அழகான பெண்' என்று சொல்லும், மற்றப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டும். கப்பாவை அழகான பெண் என்று நான் எப்படிப் படிப்பிக்கிறது? ஒற்றைக் கண்ணும் ஒற்றைக் காலுமாகத் துள்ளுகிற பழைய குடை ஒன்றும் அந்தக் கூட்டத்தில் உண்டு. குடையணங்கா?

*

நெல்லையான், செவ்வாய்

மகளே, பிள்ளைகளுக்குத் தெரியாது என்று பார்த்தால் 'கணினி' யாருக்குத் தெரிந்திருந்தது?

*

பிழைதிருத்தி, செவ்வாய்

யோகாய் என்றே விட்டுவிடலாம் என்பவர்களுக்கு ஒரு கேள்வி. ஜப்பானியர் அந்தக் ககரத்தைக் 'கடல்' என்பதில் போல வல்லோசையாகச் சொல்கிறார்கள். நாம் உயிருக்கு நடுவே எழுதினால் மெலிந்து யோகா வகுப்பாகிவிடும். யோக்காய் என்று எழுதினால் சந்தையில் கிலோ என்ன விலை என்பார்கள். மேலும் யோகாய்க் கதையா, யோகாய் கதையா? ஒற்று மிகும் என்பது என் கட்சி.

*

ஓசாகா வாசி, செவ்வாய் இரவு

தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியக் கதைகளில் 'யாஷா' என்று ஒரு சாதி வரும். பௌத்தத்தோடு சீனம் வழியாகப் போன யட்சன்தான் அது. அப்படிப் பார்த்தால் நெல்லை ஐயா ஊர் இசக்கிக்கு அது தூரத்துச் சொந்தம். இன்னொன்று, அந்திக் கருக்கலுக்கு அவர்கள் வைத்த பெயர் ஓமகதோகி, 'ம'வை, அதாவது தீய சக்தியைச் சந்திக்கும் வேளை. அந்த 'ம' எழுத்தே, புத்தரை மயக்க வந்த மாரன் என்ற பெயரைச் சீனத்தில் ஒலிபெயர்க்க உண்டாக்கியது.

*

நெல்லையான், செவ்வாய் நள்ளிரவு

ஆகா! "மாரனை வெல்லும் வீர நின்னடி" என்று மணிமேகலை அட்சய பாத்திரத்தோடு நின்று பாடியவள் அல்லவா! இயக்கி, இசக்கி, யாஷா. இதை வைத்துத் தனி மடலே எழுதலாம். எங்கள் பக்கம் ஒரு வழக்கு உண்டு: படையல் போடும்வரை இசக்கி சாமி, நிறுத்தினால் அவள் வேறு. புளியமரத்தடியில் என் ஆச்சி ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொல்வாள்.

*

ஓசாகா வாசி, புதன் காலை

ஐயா, யோகாய் ஆய்வாளர் கொமாட்சு கசுஹிகோ கிட்டத்தட்ட இதையேதான் எழுதினார். மனிதர் கும்பிட்டால் கமி, அதாவது தெய்வம்; கும்பிடாமல் விட்டது யோகாய். இரண்டு பக்கமும் போகலாம், வரலாம். யோகாய் எல்லாம் சீரழிந்த தெய்வங்கள் என்ற யானகிதாவின் கொள்கைக்கு எதிராக வைத்த வாதம் அது.

*

மைக்கூடு, புதன்

ஐயா, அண்ணா, எல்லாம் அருமை. எனக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

*

சும்மா, புதன்

பகேமோனோவை மொழிபெயர்த்தால் போதுமே. 'உருமாறி'. நாலே எழுத்து, குமிழில் உட்காரும். நரி பெண்ணாகும், பூனை கிழவியாகும். நூறு வருஷம் கிடந்த பாத்திரம் பண்டத்துக்குக்கூட அங்கே உயிர் வருமாம். கொரியா நாட்டு யோகாயான தொக்கேபியோடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டி மரத்தில் கட்டிப்போட்டுக் காலையில் பார்த்தால் பழைய துடைப்பம். எல்லாம் உருமாறி. தமிழும் ஆச்சு, பிள்ளைக்கும் புரியும்.

*

வன்னிமகள், புதன்

இது நல்லாயிருக்கு. என் வாக்கு இதற்கு.

*

ஓசாகா வாசி, புதன் மாலை

எனக்கும் பிடித்தது. ஆனால் அசுகிஅராய் என்று ஒன்று இருக்கிறது, அதை என்ன செய்வது? இருட்டில் ஓடைக்கரையில் யாரோ பயறு அலசும் சத்தம். கிட்டே போனால் ஒருவரும் இல்லை. சத்தம்தான் அசுகிஅராய். நுரிகாபே இன்னொன்று: ராத்திரி நடந்து போகிறவன் முன்னால் கண்ணுக்குத் தெரியாத சுவர், நகர முடியாது. உருவே இல்லாததை உருமாறி என்பதா? இதற்கெல்லாம் கண்ணும் மூக்கும் பிறகு ஓவியர்கள் வரைந்தவை. 1776இல் தொரியாமா செகியென் போட்ட தொகுப்புதான் பெரிய தொடக்கம். அதற்கு முன்னால் பலவும் வெறும் அனுபவம்.

நரி மனைவி கதையையும் பாருங்கள். குசுனோஹாவின் சினோதா காடு இங்கே ஓசாகா மாவட்டத்தில்தான். உயிரைக் காப்பாற்றிய மனிதனுக்குப் பெண்டாட்டியாக வந்து, பிள்ளை பெற்று, வேஷம் கலைந்த அன்று "என்னை நினைத்தால் சினோதா காட்டுக்கு வா" என்று பாட்டு எழுதிவைத்துவிட்டுப் போகிறாள். அந்தப் பிள்ளைதான் பேர்பெற்ற சோதிடர் அபே நோ செய்மெய். இவளை உருமாறி என்றால் போலீஸ் குறிப்பு மாதிரி இருக்கிறது. பேய் என்றாலோ பெண்டாட்டியைத் திட்டுகிற மாதிரி.

*

பிழைதிருத்தி, புதன் இரவு

நெல்லையான் ஐயா ஒரு நூற்பா தள்ளிப் படித்துவிட்டார். அச்சத்துக்கு முந்தியது எது? "புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே." அண்ணா சொன்ன 'காய்' என்னும் எழுத்து இதுதானே, விந்தை? யோகாயை அச்சத்தில் வைத்தால் பேயாகும். மருட்கையில் வையுங்கள்.

என் பரிந்துரை: மருள்.

மயக்கம், வியப்பு, அறிவு தடுமாறுதல் எல்லாம் இதில் உண்டு. மருள் வந்து ஆடுகிறவனை மருளாடி என்கிறோம். பயறு அலசும் சத்தமும் மருள், தடுக்கும் சுவரும் மருள். அந்திக் கருக்கலுக்குக் குறளே இருக்கிறது: "பதிமருண்டு பைதல் உழக்கும் மதிமருண்டு மாலை படர்தரும் போழ்து." அரைமருள் என்று ஒட்டவும் செய்கிறது. மூன்றே எழுத்து.

*

நெல்லையான், வியாழன்

மருள் என்பது ஆள்மேல் வருவது. ஆற்றில் நீந்தி வெள்ளரிக்காய் தின்னாது. பண்பை எடுத்துப் பொருளுக்குப் பெயராக வைக்கிறீர். அதைத்தான் அணங்கு செய்கிறது, அணங்கு செய்தால் பிழை, உம் மருள் செய்தால் சரி. அப்படித்தானே?

*

பிழைதிருத்தி, வியாழன்

அப்படித்தான் ஐயா.

*

வன்னிமகள், வியாழன்

மருள் அழகுதான். ஆனால் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் இருக்கு. ஜப்பான் பிள்ளை யோகாய் என்று சொல்லும்போது மிசுகி ஷிகேருவின் படங்கள்தான் கண்ணில் வரும். இரண்டாம் உலகப்போரில் ரபாவுல் போர்முனையில் இடக்கையை இழந்து வந்து, ஒற்றைக் கையால் வரைந்தவர். அவரால் உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியும். எங்கள் பிள்ளை மட்டும் ஏன் மருள் என்று படிச்சுப்போட்டுப் பிறகு வலையில் தேடத் தெரியாமல் நிற்க வேண்டும்? 'சுனாமி'யை எடுத்தோமே, தமிழ் செத்ததா? தொல்காப்பியரே "வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ" என்று வழிவிட்டவர்.

*

நெல்லையான், வியாழன்

அவர் வழிவிட்டது வடசொல்லுக்கு. கீழ்த்திசைச் சொல்லுக்கு நூற்பா இல்லை. ஆழிப்பேரலை என்று நான் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

*

மைக்கூடு, வியாழன் இரவு

அக்கா பையனிடம் நாலு பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தேன், ஒவ்வொன்றிலும் ஒரு சொல். பதினோரு வயது. அணங்கில் நின்று "இது யாரு, வில்லியா?" என்றான். உருமாறியில் "எப்போ கார் ஆகும்?" என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினான். யோகாயைத் தடங்கல் இல்லாமல் வாசித்தான், காரணம் அவன் ஏற்கெனவே இரண்டு தொடர் பார்த்தவன். மருளில் கொஞ்சம் யோசித்து, "இருள் மாதிரி ஏதோ. சரி, மேலே சொல்லு" என்றான்.

இதுவரை எண்ணிக்கை: யோகாய் ஐந்து, மருள் மூன்று (என்னோடு), உருமாறி ஒன்று ('சும்மா' தன் சொல்லைத் தானே கைவிடவில்லை), அணங்கு ஒன்று. பேசாமல் படித்துக்கொண்டிருந்த மூவர் தனிமடலில் யோகாய்க்கு வாக்களித்துவிட்டு "இத்தோடு விடுங்கள்" என்றும் எழுதியிருக்கிறார்கள்.

*

மைக்கூடு, வெள்ளி, மாலை 5:40

கோப்பு போய்விட்டது. கப்பா கப்பாதான். ஊர்க்காரர்கள் அலறும் இடமெல்லாம் யோகாய், பெரும்பான்மைப்படி. ஆனால் 61ஆம் பக்கத்தில் அந்தப் பையன் "நான் பாதிதான்" என்று சொல்லும் குமிழில் 'அரையோகாய்' என்று போட்டுப் பார்த்தேன், அரைக்காய் என்று கண்ணில் படுகிறது, அழ வேண்டிய இடத்தில் சிரிப்பு வருகிறது. அங்கே மட்டும் 'அரைமருள்' என்று வைத்துவிட்டேன். ஒரே நூலில் இரண்டு சொல் என்று திட்டுவீர்கள், தெரியும். திட்டுங்கள். அச்சகக்காரர் கோப்பை வாங்கிவிட்டார்.

*

நெல்லையான், வெள்ளி இரவு

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அணங்கே சரி. இசக்கி, யாஷா பற்றிய தனி மடல் ஞாயிறு வரும்.

*

பிழைதிருத்தி, வெள்ளி இரவு

அரைமருள் மகிழ்ச்சி. இரண்டாம் பதிப்புக்கு ஒரு ஐயம்: பன்மை மருள்களா, மருட்களா?

*

சும்மா, வெள்ளி இரவு

மருட்கள் என்றால் குடித்தால் மருளும் கள். நாட்கள், நாள்கள் சண்டையை எனக்கு நினைவூட்டாதீர்கள், போன முறை அது நாற்பது மடல் ஓடியது.

*

நெல்லையான், வெள்ளி நள்ளிரவு

நாள்கள் என்பதே சரி. விளக்குகிறேன்.