ஹாம்ஸ்டர் தப்பிய வழிகளும் அவற்றை அடைத்த விதமும்

எலியைப் போன்ற சிறு வளர்ப்புப் பிராணியான ஹாம்ஸ்டர் காணாமல் போனால் எல்லோரும் முதலில் கூண்டின் கதவைத்தான் பார்க்கிறார்கள். மதுரையில் அக்கா வீட்டில் அது வெளியேறிய வழி கதவு அல்ல, கம்பிகளுக்கு இடையே இருந்த இடைவெளி. அக்கா மகனுக்காக வாங்கிய குள்ள வகை ஹாம்ஸ்டருடன் கடைக்காரர் கொடுத்தது லவ் பேர்ட்ஸ் வளர்ப்பதற்கான கம்பிக்கூண்டு. அதன் கம்பிகளுக்கு நடுவே ஒன்றேகால் சென்டிமீட்டர் இருந்தது. உருவில் பெரிய சிரியன் வகை ஹாம்ஸ்டர் முழு வளர்ச்சி பெற்றிருந்தால் அதற்கு அதுவே மேல் எல்லை. குள்ள வகைக்கு 6 அல்லது 7 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பறவைக்கும் எலிக்கும் ஒரே கூண்டு போதும் என்று சொல்லி விற்பது, உயிருள்ள ஒன்றை விற்பவர் செய்யக் கூடாத செயல் என்றே நான் கருதுகிறேன்.

அது வெளியேறுவதை ஒரு மாலையில் நேரிலேயே பார்த்தேன். இரண்டு கம்பிகளுக்கு நடுவே மூக்கை வைத்து, மீசை மயிர்களால் இருபுறமும் தடவிப் பார்த்தது. பிறகு காதுகளைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு தலையைச் சற்றே சாய்த்து நுழைத்தது. தலை வெளியே வந்ததும் முன்கால்கள் தாமாக வந்தன. இடுப்பு மட்டும் ஒரு கணம் சிக்கியது, பின்கால்களால் உதைத்ததும் அதுவும் விடுபட்டது. உருண்டு திரண்டு தெரியும் அந்த உடலின் பெரும்பகுதி ரோமமும் தளர்ந்த தோலும்தான் என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டோம். ஆகவே கம்பி இடைவெளியை உடலின் பருமனோடு ஒப்பிடாமல், தலையின் அகலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நான் கையை நீட்டுவதற்குள் அது அலமாரிக்குக் கீழே ஓடி மறைந்துவிட்டது. அக்கா முதலில் செய்த காரியம், சமையலறை மூலையில் எலிக்காக வைத்திருந்த பசை அட்டையை எடுத்து அப்புறப்படுத்தியது. எலி மருந்து, பசை அட்டை, எலிப்பொறி ஆகிய மூன்றும் நம் வீடுகளில் எங்காவது இருக்கும். தேடத் தொடங்குவதற்கு முன்பே அவற்றை அகற்றிவிட வேண்டும். ஒருவேளை பசையில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிடித்து இழுக்காமல், சமையல் எண்ணெயைத் தடவி மெல்ல மெல்ல விடுவித்து, உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பிறகு குளியலறைக் கதவைச் சாத்தி, தண்ணீர் போகும் துளைகளை மூடி, ஒவ்வோர் அறை வாசலிலும் அரிசி மாவை மெல்லியதாகத் தூவி விளக்குகளை அணைத்தோம். இரவில் நடமாடும் பிராணி என்பதால் பகலில் பொருள்களை நகர்த்தித் தேடுவதில் பயனில்லை. அது மிரண்டு இன்னும் உள்ளே போகும், நகர்த்தும் பொருளுக்கு அடியில் நசுங்கவும் கூடும். மாவில் பதிந்திருந்த சின்னஞ்சிறு தடங்கள் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தை நோக்கிச் சென்றன. அந்த இடத்தில் ஒரு வாளியை வைத்து, அதன் விளிம்பு வரை புத்தகங்களைப் படிபோல அடுக்கி, உள்ளே பழைய கூட்டிலிருந்த காகிதத் துகளையும் வெள்ளரித் துண்டையும் சூரியகாந்தி விதைகளையும் போட்டோம். விடியும்போது அது வாளிக்குள் இருந்தது. கன்னப்பைகள் இரண்டும் விதைகளால் புடைத்திருந்தன.

புதிய இருப்பிடமாக, மீன் தொட்டி செய்பவரிடம் 100 சென்டிமீட்டர் நீளமும் 50 அகலமும் 50 உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டியைச் செய்து வாங்கினோம். கண்ணாடிச் சுவரில் ஏற முடியாதே, மூடி எதற்கு என்று அத்தான் கேட்டார். அது வளை தோண்டுவதற்காக 25 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் காகிதத் துகளைப் பரப்பிய பிறகு மீதமிருக்கும் உயரமும் 25 சென்டிமீட்டர்தான். அதன் மேல் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓடு சக்கரத்தை நிறுத்தினால், சக்கரத்தின் உச்சிக்கும் தொட்டியின் விளிம்புக்கும் இடையே ஒரு சாண்கூட இருக்காது. சக்கரம், வீடு, தண்ணீர்ப் புட்டி எல்லாமே ஏணியாகிவிடும் என்பதால் உயரத்தைத் தொட்டியின் அடியிலிருந்து அளக்காமல் துகளின் மேற்பரப்பிலிருந்து அளப்பதே சரி. மூடிக்குக் கால் அங்குல வெல்டட் மெஷ்ஷை (பற்றவைத்த கம்பி வலையை) சட்டத்தில் அடித்து, நான்கு மூலைகளிலும் கொண்டி வைத்தோம். கொசு வலையை ஒரே இரவில் கடித்துத் துளைத்துவிடும். கண்ணாடியால் மூடினாலோ மதுரை வெயிலுக்கு உள்ளே வெப்பம் தேங்கி அதன் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

சென்னையிலிருந்து எங்கள் குழுவின் ஓர் உறுப்பினர்:

நான் வளர்ப்பது சிரியன் வகை. துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்திருக்கிறேன். வழவழப்பான தட்டைச் சுவரில் அதன் பற்களுக்குப் பிடி கிடைப்பதில்லை. ஆனால் காற்றுக்காகப் போட்ட துளையின் விளிம்பு கிடைத்தால் அங்கிருந்து கடிக்கத் தொடங்கி, தலை நுழையும் அளவுக்குத் துளையைப் பெரிதாக்கிவிடுகிறது. முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது கடிப்பதை நிறுத்தாது. ஆகவே துளைகள் போடுவதற்குப் பதிலாக மூடியின் நடுப்பகுதியை வெட்டியெடுத்து, உட்புறத்திலிருந்து இரும்பு மெஷ்ஷை வைத்து, நட்டு போல்ட்டும் வாஷரும் கொண்டு முடுக்கியிருக்கிறேன். பிளாஸ்டிக்கின் வெட்டிய விளிம்பு எதுவும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதுதான் முக்கியம்.

இந்த இனத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1930இல் சிரியாவின் அலெப்போ அருகே விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி ஒரு தாயையும் குட்டிகளையும் தோண்டி எடுத்தார். அவற்றிலிருந்து ஜெருசலேமின் ஹீப்ரூ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த குட்டிகளில் ஐந்து, மரத்தாலான கூண்டின் அடித்தளத்தைக் கடித்துத் துளைத்து வெளியேறிவிட்டன. எஞ்சியிருந்தவற்றின் வழித்தோன்றல்களே இன்று நம் வீடுகளில் இருக்கும் சிரியன் ஹாம்ஸ்டர்கள். மரப்பலகையை நம்பி அடித்தளம் அமைப்பவர்களிடம் இதைத்தான் நான் எடுத்துச் சொல்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து எங்கள் குழுவின் இன்னோர் உறுப்பினர்:

கம்பிக்கூண்டு வைத்திருப்பவர்களுக்காக இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். மேல்நோக்கித் தூக்கித் திறக்கும் கதவை ஹாம்ஸ்டர் மூக்கால் நெம்பித் திறந்துவிடும். நான் ஒவ்வொரு கதவிலும் காகிதக் கட்டுகளுக்குப் போடும் கறுப்புக் கிளிப்பைப் போட்டு வைத்திருக்கிறேன். இரவில் தண்ணீர் மாற்றியபின் அந்தக் கிளிப்புகளை விரலால் தொட்டுப் பார்ப்பது வீட்டில் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. இரண்டாவது, தாய்க்குப் பாதுகாப்பான கூண்டு குட்டிகளுக்குப் பாதுகாப்பானது அல்ல. சிரியன் வகையின் சினைக்காலம் ஏறத்தாழ 16 நாள்தான். ஆணும் பெண்ணும் கடையிலேயே சேர்ந்திருந்திருந்தால், வாங்கி வந்த சில நாள்களிலேயே குட்டிகள் பிறந்துவிடும். அவை நடமாடத் தொடங்கும்போது தாயால் நுழைய முடியாத இடைவெளியில் எளிதாக நுழைந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படிப் பிறந்தபோது, தாயும் குட்டிகளும் இருந்த கூண்டைச் சுற்றி வெளிப்புறமாகக் கால் அங்குல மெஷ்ஷை இரும்புக் கம்பியால் கட்டினோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கம்பியை இரவெல்லாம் கடித்துக்கொண்டே இருக்கும் ஹாம்ஸ்டருக்குப் பூட்டை மட்டும் பலப்படுத்துவது போதாது. பெரும்பாலும் இடம் போதாததாலும், தோண்ட ஆழம் இல்லாததாலும், சக்கரம் சிறிதாக இருந்து முதுகு வளைவதாலும்தான் அது அப்படிச் செய்கிறது. சிரியன் வகைக்கு 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தை வைத்து, துகளின் ஆழத்தைக் கூட்டிய பிறகு எங்கள் ஹாம்ஸ்டர் கம்பியின் பக்கம் வருவதே குறைந்துவிட்டது. பெண் சிரியன் மட்டும் 4 நாளுக்கு ஒரு முறை சினைப்பருவம் வரும் இரவில் அமைதியின்றிக் கூண்டைச் சுற்றி வரும். அன்றைக்குக் கிளிப்புகளை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் படுக்கிறோம்.