வார்டுக்கு வந்தவர் மருத்துவரா, பிசிஷியன் அசிஸ்டென்டா?

தக்கலை மகள்:
வணக்கம். சென்ற மாதம் என் அப்பாவுக்கு நாகர்கோவிலில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. காலையும் மாலையும் வெள்ளைக் கோட்டு அணிந்த இளைஞர் ஒருவர் வந்து, மார்புக் கட்டைப் பிரித்துப் பார்ப்பார். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுப்பார். மாத்திரைகளைப் பொறுமையாக விளக்குவார். அப்பா அவரை "டாக்டர்" என்றே அழைத்தார், அவரும் மறுக்கவில்லை. ஆறாம் நாள், இதயத்தில் பொருத்துவதற்காக ரத்தக்குழாய் எடுத்த இடது காலில் கணுக்காலுக்கு மேல் சிவந்து, தொட்டால் சுட்டது. "இது வழக்கம்தான்" என்றார். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் சீழ் பிடித்து, அப்பாவை மறுபடியும் சேர்க்க நேர்ந்தது. அவர் மருத்துவர் அல்லர், மருத்துவரின் மேற்பார்வையில் வேலை செய்யும் பிசிஷியன் அசிஸ்டென்ட் என்பது அப்போதுதான் தெரிந்தது. அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர்கள் எனப்படும், மேற்படிப்பு படித்த நர்ஸ்களே மருந்து எழுதுகிறார்கள் என்கிறார்களே, நம் ஊரில் இவர்களுடைய எல்லை எது? நாங்கள் யாரிடம் என்ன கேட்டிருக்க வேண்டும்?

இதய அறுவைப் பிரிவு பி.ஏ. (பிசிஷியன் அசிஸ்டென்ட்):
சகோதரி, உங்கள் அப்பாவுக்கு நேர்ந்ததைப் படித்து மிகவும் வருந்தினேன். நானும் இதே வேலையில் இருக்கிறேன். 1992-இல் சென்னையில் இதய அறுவை மருத்துவர் கே. எம். செரியன் தொடங்கிய பயிற்சியின் வழியாகவே இத்தொழில் இந்தியாவுக்கு வந்தது என்பதால், இதய அறுவைப் பிரிவுகளில் எங்களைப் போன்றவர்களை அதிகம் பார்க்கலாம். பைபாஸின்போது காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்துத் தருவதும் பல இடங்களில் எங்கள் வேலையே. மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் முடித்து வருகிறோம். துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டுத் தேசிய ஆணையச் சட்டம் எங்களைத் துணை மருத்துவத் தொழிலாளர்களில் ஒரு பிரிவாக ஏற்றுக்கொண்டுள்ளது. ஆனால் நோயாளியைப் பார்த்து, குறிப்பெழுதி, மருத்துவரிடம் சொல்லும் அளவுக்கே எங்கள் பொறுப்பு. மருந்துச் சீட்டில் கையொப்பமிட வேண்டியவர் மருத்துவர். சிவந்த, சூடான காயத்தைக் கண்டால் அன்றைக்கே அறுவை மருத்துவரை அழைத்துக் காட்டியிருக்க வேண்டும். "டாக்டர்" என்று அழைக்கப்படும்போது திருத்தாமல் இருப்பதும் தவறுதான். நான் முதல் நாளே பெயரையும் பதவியையும் சொல்லிவிடுவேன்.

குழித்துறைக்காரி, இப்போது அரிசோனாவில்:
அமெரிக்காவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன். இந்த இரண்டு தொழில்களும் 1965-இல்தான் இங்கே தோன்றின. லொரெட்டா ஃபோர்டும் ஹென்றி சில்வரும் கொலராடோவில் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். யூஜின் ஸ்டெட், டியூக் பல்கலைக்கழகத்தில், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்தவர்களைக் கொண்டு பிசிஷியன் அசிஸ்டென்ட் வகுப்பை ஆரம்பித்தார். நான் பல ஆண்டுகள் நர்ஸாக இருந்த பிறகே முதுகலை படித்துத் தேர்வெழுதி உரிமம் பெற்றேன். இங்கே மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் என்னால் நோயாளியைப் பார்க்க முடியும். வேறு சில மாநிலங்களில் மருத்துவருடன் ஒப்பந்தம் வேண்டும். இந்தியாவில் இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென இரண்டாண்டு நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை வகுத்துள்ளது, ஆனால் அதை எனக்குள்ள உரிமத்தோடு ஒப்பிட முடியாது. பெயர் ஒன்றாக இருப்பதால் அதிகாரமும் ஒன்று என்று எண்ணிவிட வேண்டாம்.

பேச்சிப்பாறைப் பக்கத்து நர்ஸ்:
மலையடிவாரத்தில் துணை சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். காணிக்காரர் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து நாகர்கோவில் போய் வரவே ஒரு நாள் போய்விடும். 2021 ஆகஸ்டில் அரசின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கியபின் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன. நாங்கள் அளந்து பார்த்து, ரத்த அழுத்தம் 180/110-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் அனுப்புகிறோம். மருத்துவர் அல்லாதவர்கள் பயிற்சி பெற்று உதவுவது நம் மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல: 19-ஆம் நூற்றாண்டிலேயே நெய்யூர் மிஷன் மருத்துவமனை உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றுவித்துக் கிளை மருந்தகங்களுக்கு அனுப்பியிருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் மருத்துவரே எட்டாத வீடுகள் பல உண்டு. அக்கா, காயத்தைப் பார்ப்பவர் யாராயினும் "இதை மருத்துவரிடம் காட்டினீர்களா, எப்போது காட்டினீர்கள்?" என்று கேளுங்கள். பதிலைத் தேதியோடு குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். அதற்கு யாரும் கோபப்படக் கூடாது.

தக்கலை மகள்:
மூவருக்கும் நன்றி. அந்த இளைஞர் மீதிருந்த கோபம் எனக்குக் குறைந்திருக்கிறது. அவரைத் தனியே விட்டுவிட்டு வராமல் போன மூத்த மருத்துவரைத்தான் இப்போது கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. வியாழக்கிழமை கட்டு மாற்றப் போகிறோம். குறிப்பேடு வாங்கிவிட்டேன்.